மீஷோ, அமேசான், ஃபிளிப்கார்ட், வாட்ஸ்அப்: புதிதாக விற்க வருபவர் எங்கே கடை போடலாம்?

ஆன்லைனில் விற்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எதில் கமிஷன் குறைவு?" என்பதுதான். இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்து பெரிய பலன் இல்லை. மீஷோ 2021-லேயே கமிஷனை எடுத்துவிட்டது. அமேசான் 2025 ஏப்ரலில், 300 ரூபாய்க்குக் கீழுள்ள பல வகைப் பொருட்களுக்கு விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் 1000 ரூபாய்க்குக் கீழுள்ளவற்றுக்குக் கமிஷன் இல்லை என்று அறிவித்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், கணக்குத் தொடங்கும் அன்றைக்கு அவர்கள் தளத்திலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவரின் பணம் கரைவது கமிஷனில் அல்ல, அனுப்பும் செலவிலும் திரும்பி வரும் பார்சலிலும்தான். ஆகவே இங்கே எல்லாத் தளங்களையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்: போன பொருள் திரும்பி வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

மீஷோ

உள்ளே நுழைய இதைவிட எளிதான இடம் இல்லை. ஈரோடு கனி மார்க்கெட்டில் மொத்தமாக எடுத்த நைட்டி, திருப்பூர் குழந்தைகள் பனியன் செட், கவரிங் நகை, சமையலறைச் சாமான் என்று பிராண்டு பெயர் இல்லாத பொருட்களுக்கு இதுவே சந்தை. போனில் எடுத்த படம் போதும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் சிறு நகரங்களைச் சேர்ந்தவர்கள். விலையைத்தான் முதலில் பார்ப்பார்கள், பணத்தைப் பொருள் கைக்கு வந்ததும் கொடுப்பார்கள்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நைட்டியின் கொள்முதல் 180 ரூபாய், கவரும் லேபிளும் 10 ரூபாய், தளம் உங்கள் கையில் தருவது 240 ரூபாய். ஒன்றுக்கு 50 ரூபாய் லாபம். 100 ஆர்டர் அனுப்பி, 20 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்ற 80-க்கு லாபம் 4000. திரும்பிய 20-க்குக் கவர் செலவு 200, ரிட்டர்ன் கட்டணம் தலா 150 என்றால் 3000. வந்த இருபதில் நான்கு கறைபட்டோ கிழிந்தோ வந்தால் 720. மீதம் நிற்பது 80 ரூபாய். நூறு பார்சல் கட்டியதற்கு இதுதான் கூலி.

அதனால் மீஷோவில் விற்பவர் விலையைக் குறைப்பதற்கு முன் ரிட்டர்னைக் குறைக்க வேண்டும். துணி திரும்பி வரும் காரணங்களில் அளவும் நிறமும் முன்னால் நிற்கும். 'ஃப்ரீ சைஸ்' என்று எழுதிவிட்டுப் போகாமல், மார்புச் சுற்றளவையும் நீளத்தையும் டேப் வைத்து அளந்து அங்குலத்தில் போடுங்கள். படத்தை டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். துணி மெல்லியது என்றால் மெல்லியது என்றே எழுதுங்கள். அப்புறம், தவறான அல்லது பழுதான பொருளை மட்டுமே திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனையோடு சற்றுக் குறைந்த விலை வைக்கும் வசதி அங்கே உண்டு. புதியவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. என் கணிப்பில், மீஷோவில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் அதுதான் முக்கியமானது.

வாசலிலேயே வாங்க மறுத்துத் திரும்புவது வேறு, வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவது வேறு. இரண்டுக்கும் கட்டண விதி தனித்தனி. தளம் உங்களுக்குத் தரும் பணக் கணக்கு விவரத்தில் (செட்டில்மென்ட் அறிக்கை) இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அமேசானா, ஃபிளிப்கார்ட்டா?

இரண்டுக்கும் கட்டண அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: பொருள் வகைக்கேற்ற விற்பனைக் கட்டணம், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிலைக்கட்டணம், எடைக்கேற்ற அனுப்பும் கட்டணம். இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இதில் புதியவர்களை வீழ்த்துவது எடை. தராசு காட்டும் எடையை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது 'வால்யூமெட்ரிக்' எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம்.

பனை ஓலைக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தூக்கினால் அரைக் கிலோ கூட இருக்காது. 40 × 30 × 30 பெட்டியில் வைத்தால் 36,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 7.2 கிலோ! 400 ரூபாய்க் கூடையை ஏழு கிலோ கட்டணத்தில் டெல்லிக்கு அனுப்பி யாரும் பிழைக்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கூடைகளை ஒரே செட்டாகப் போடுங்கள். பெட்டி அதேதான், விலை மட்டும் உயரும். வயர் கூடை, மூங்கில் தட்டு, பித்தளைச் செம்பு எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் விலையை எழுத வேண்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், சமையலறைப் பொருள், பூஜைப் பொருள், புத்தகம் விற்பவர் அமேசானில் தொடங்கட்டும். ஆயத்த ஆடை விற்பவர் ஃபிளிப்கார்ட்டில். அமேசானில் பொருளின் பெயரைத் தட்டித் தேடி, விமர்சனத்தைப் படித்து வாங்கும் பழக்கம் வலுவாக இருக்கிறது. நல்ல பொருளுக்குச் சேரும் நான்கு நல்ல விமர்சனங்கள் அங்கே நீண்ட நாள் உழைக்கும். பழைய புத்தக வியாபாரிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு: அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், அதை மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி எண் இல்லாமலே கணக்குத் தொடங்கலாம்.

அமேசானின் பலவீனம், ஒரே பொருள் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் ஒட்டிக்கொள்ள முடியும் என்பது. நீங்கள் படம் எடுத்து, விவரம் எழுதி, விமர்சனம் சேர்த்த பக்கத்தில், பத்து ரூபாய் குறைத்து இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். உங்கள் பெயரில் பொருள் செய்பவராக இருந்தால் வர்த்தகச் சின்னத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு பொருள் வகைக்கு 4500 ரூபாய். அதை வைத்து அமேசானின் பிராண்டு பதிவில் சேரலாம். இந்தச் செலவை முதல் மாதமே செய்ய வேண்டியதில்லை. பொருள் ஓடுகிறது என்று தெரிந்ததும் தள்ளிப்போடக் கூடாது.

சரக்கை அவர்கள் கிடங்கிலேயே வைத்து அனுப்பும் வசதியை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். கிடங்கு முகவரியை ஜிஎஸ்டி பதிவில் சேர்க்க வேண்டும், விற்காமல் கிடக்கும் சரக்குக்கு வாடகை கொடுக்க வேண்டும். அவர்கள் ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் முறையே போதும்.

மாறி வரும் பார்சல்

இது எந்தத் தளத்துக்கும் பொது. புதுச் சேலையை அனுப்பினால் பழைய சேலை திரும்பி வரும். சில சமயம் வெறும் கவர் வரும். இதில் மனம் உடைந்து தொழிலை விட்டவர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நஷ்டஈடு கேட்க எல்லாத் தளங்களிலும் வழி இருக்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும், அதுவும் குறித்த நாட்களுக்குள். பொருளை எல்லாப் பக்கமும் காட்டி, கவருக்குள் வைத்து, ஒட்டி, மேலே உள்ள லேபிளின் எண் தெளிவாகத் தெரியும்வரை ஒரே மூச்சில் வீடியோ எடுங்கள். திரும்பி வந்ததையும் அதேபோல, மூடிய நிலையிலிருந்து பிரித்து முடிக்கும்வரை இடையில் நிறுத்தாமல் எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை ஏற்கமாட்டார்கள். கூரியர் ஆள் அவசரப்படுத்தினாலும், கிழிந்த பார்சல் என்றால் படம் எடுத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஜிஎஸ்டி இல்லாமல் முடியுமா?

ஓரளவு முடியும். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் பொருள் விற்கலாம். தமிழ்நாட்டில் பொருட்களுக்கு அந்த வரம்பு 40 லட்சம் ரூபாய். இரண்டு நிபந்தனைகள்: ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும், சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும். மீஷோ இந்த எண்ணை ஏற்றுக்கொள்கிறது. சந்தையை ஆழம் பார்க்க இது அருமையான வழி.

பதிவு எடுத்துவிட்டால், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ஜிஎஸ்டி கணக்கு (இதையும் 'ரிட்டர்ன்' என்பார்கள்) தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். தளங்கள் உங்கள் பணத்தில் 0.5 சதவீதம் ஜிஎஸ்டிக்காகவும், 0.1 சதவீதம் வருமான வரிக்காகவும் பிடித்துக்கொள்ளும். அது தொலைந்துபோன பணம் இல்லை, கணக்கில் காட்டி ஈடுசெய்துகொள்ளலாம். ஆடிட்டரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவையுங்கள்.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்

தமிழ்நாட்டில் சேலை வியாபாரத்தின் ஒரு பெரும் பகுதி இந்த வழியில்தான் ஓடுகிறது. காலையில் ஸ்டேட்டஸில் படம், யுபிஐயில் பணம், மாலையில் எஸ்டி கூரியரிலோ புரொஃபஷனல் கூரியரிலோ பார்சல். கமிஷன் இல்லை, பணம் முன்கூட்டியே வந்துவிடும், ரிட்டர்ன் விதியை நீங்களே எழுதலாம். ஒரே மாதிரி இன்னொன்று கிடைக்காத பொருளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சின்னாளபட்டிச் சுங்குடியில் ஒவ்வொரு புடவையின் புள்ளியும் கொஞ்சம் மாறும். மீஷோவில் அதைப் போட்டால், "படத்தில் இருப்பது வேறு" என்று திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் வாங்கும் அக்காவுக்கு அந்தப் புடவையையே வீடியோ காலில் விரித்துக் காட்டலாம்.

குறை என்னவென்றால், ஆளை நீங்கள்தான் தேட வேண்டும். "விலை என்ன?" என்று கேட்டுவிட்டுப் போகும் ஐம்பது பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் ஐந்து பேர் வாங்கக்கூடும். வேலைக்குப் போகிறவருக்கு இது கஷ்டம். வரி விதி ஒன்றும் பலருக்குத் தெரிவதில்லை: இணையச் சந்தை இல்லாமல் நேரடியாக விற்றாலும், வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் வரம்புவரை விலக்கு உண்டு. பெங்களூரு வாடிக்கையாளர் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

மோசடியும் இந்த வழியில்தான் அதிகம் வரும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பேரமே பேசாமல் வாங்க ஒப்புக்கொண்டு, "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்கள். ஓஎல்எக்ஸில் பழைய கட்டில் விற்பவருக்கும் இதே ஆள்தான் வருவார். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் எண்ணை ஒருபோதும் தட்ட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பாமல், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

பொடி, தொக்கு, ஊறுகாய் விற்பவர்களுக்கும் என் முதல் பரிந்துரை வாட்ஸ்அப்தான், அதுவும் பக்கத்து ஊர்களுக்குள். உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வீட்டுச் சமையலுக்கும் கட்டாயம். சிறு தொழிலுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், அதைச் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை. எண்ணெய் கசியும் ஒரு பாட்டில், பெரிய தளத்தின் கிடங்கில் மற்றவர் பார்சலையும் சேர்த்துக் கெடுக்கும். பொடியில் தொடங்கி, பேக்கிங் கைவந்த பிறகு தொக்குக்குப் போங்கள்.

எட்ஸி

கைவினைப் பொருளுக்கான அமெரிக்கத் தளம். ஒரு பொருளைப் பட்டியலிட நான்கு மாதத்துக்கு 0.20 டாலர்; விற்றால் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. உள்ளூரில் 600 ரூபாய்க்குப் பேரம் பேசப்படும் வேலைக்கு அங்கே உரிய விலை கேட்க முடியும். எடை குறைந்து உழைப்பு மிகுந்த பொருள்தான் இதற்குப் பொருத்தம். தோடர் பூத்தையல் வேலைப்பாடு, பத்தமடைக் கோரையில் செய்த சிறிய மேசை விரிப்பு போன்றவை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை உடையாமல் கடல் தாண்டி அனுப்புவது தனி வித்தை; முதல் பொருளாக அது வேண்டாம். பொருள் அங்கிருந்து திரும்பி வந்தால் தபால் செலவு பொருளின் விலையையே தாண்டலாம். அதனால் ரிட்டர்ன் ஏற்பதா இல்லையா என்பதைக் கடைப் பக்கத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

2025 ஆகஸ்ட் 29 முதல், 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா எடுத்துவிட்டது. அதையொட்டி நம் அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, சுங்கத்தை இங்கேயே வசூலிக்கும் முறையில் அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஆகவே பழைய வீடியோக்களில் சொல்லும் லாபக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி எண்ணை 500 ரூபாய் கட்டி இணையத்திலேயே வாங்கிக்கொண்டு, உங்கள் ஊருக்கு அருகில் டாக் கர் நிர்யாத் கேந்திரா (அஞ்சல் துறையின் ஏற்றுமதி உதவி மையம்) உள்ள அஞ்சலகம் எது என்று விசாரியுங்கள். உங்கள் பொருளின் சுங்கக் குறியீடு என்ன, அந்தந்த நாட்டுக்கு எவ்வளவு வரி என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எட்ஸியில் விலையைப் போடுங்கள்.