அட்டைப்பெட்டி பொம்மைக்குப் பசையா, காடியா?

அட்டைப்பெட்டியை வெட்டிப் பிள்ளைகளோடு பொம்மை செய்ய உட்கார்ந்தால், எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் முதல் சண்டையே வரும். காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வருகிற பிள்ளைகளோடு மைதா பசை, ஃபெவிகால், க்ளூ கன் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது ஒட்டுவதையே விட்டுவிட்டு, அட்டையில் காடி, அதாவது நீளமாக ஒரு பிளவு, வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுகிறோம். நான் அந்தக் கட்சிதான்.

மைதா பசைக்குச் செலவே இல்லை. ஆத்தாவிடம் சொன்னால் காப்பி போடுகிற நேரத்தில் காய்ச்சிக் கொடுத்துவிடுவார்கள். கலர் பேப்பர் ஒட்ட இதுவே போதும். ஆனால் எங்களுடையது மாதிரி பழைய வீட்டில் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் மாவு வாசத்துக்கு வந்து சேரும். புத்தக பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது விஷம், பிள்ளைகள் தொடுகிற பொம்மைக்குக் கூடவே கூடாது.

ஃபெவிகால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் காய்கிற வரை அட்டையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஆறு வயசுக்கு அந்தப் பொறுமை ஏது? க்ளூ கன் சட்டென்று பிடிக்கும், ஆனால் சூடு குறைந்த ரகமே 120 டிகிரி வாக்கில் போகும், சின்னப் பிள்ளை கையில் கொடுக்க முடியாது. கல்லூரியில் படிக்கிற அக்கா மகன் ஒட்டிய லாரி ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் எவ்வளவு நாள் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, காடிக்கு வருகிறேன். இரண்டு அட்டையிலும் பாதி உயரத்துக்கு ஒரு கீறல் எடுத்து, ஒன்றை மேலிருந்தும் ஒன்றைக் கீழிருந்தும் குறுக்காகச் செருகவேண்டியதுதான். கீறலின் அகலம் அட்டையின் தடிமனைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் கப்பென்று பிடிக்கும். அட்டையின் ஓரத்தைப் பார்த்தால் நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் ஓடும், அந்த நெளி நின்ற வாக்கில் இருந்தால்தான் சுவர் பாரம் தாங்கும். நடுவில் முற்றம் வைத்த எங்கள் ஊர் வளவு வீட்டைப் பொம்மையாகச் செய்தபோது முற்றத்துத் தூண் எல்லாவற்றையும் அப்படித்தான் நிறுத்தினோம். கத்தி வேலை பெரியவர்களுடையது, கோடு போடுவதும் செருகுவதும் பிள்ளைகளுடையது.

நான் காடிக்கு மாறியதற்கு ஒரே காரணம் பழுது பார்ப்பது. பிள்ளை விளையாடினால் பொம்மை உடையும், அதற்குத்தானே பொம்மை. ஒட்டியது பிய்ந்தால் அட்டையின் மேல்தாளையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும், உள்ளே இருக்கிற நெளியின் மேல் மறுபடி பசை தடவினால் முன்னே மாதிரி நிற்காது, கடைசியில் முழுதாகக் குப்பைக்குப் போகும். காடியில் செருகியது நசுங்கினால் அந்த ஒரு துண்டை மட்டும் உருவி, புது அட்டைமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டினால் முடிந்தது. இதைப் பிள்ளைகளே செய்கிறார்கள், நம்மைக் கூப்பிடுவதுகூட இல்லை. லீவு முடிந்ததும் கழற்றி அடுக்கி பீரோவுக்குப் பின்னால் சொருகிவிடலாம், “இந்தக் குப்பையை எப்ப அள்ளப் போற?” என்று ஆத்தாவும் கேட்பதில்லை.

காடியிலும் தொல்லை உண்டு. அடிக்கடி கழற்றி மாட்டினால் வாய் அகன்று லொடலொடக்கும், ஒரு பேப்பர் துண்டை மடித்துச் செருகினால் கொஞ்ச நாள் ஓடும். ஆத்தங்குடிக் கல் தரையை ஈரத்துணியால் துடைக்கிற வீடு என்றால் அடி ஓரம் ஊறிப்போகும், அங்கே மட்டும் பேக்கிங் டேப் சுற்றிவிடுங்கள். அப்புறம், வண்டிச் சக்கரத்துக்குக் காடி உதவாது. அதற்கு மூங்கில் குச்சியும் பாட்டில் மூடியும்தான்.