கேஸ் அடுப்பின் எச்சரிக்கை ஸ்டிக்கர்: பல வருடப் புழக்கத்தில் எது நிற்கிறது, எது அழிகிறது

தினமும் புழங்கும் கேஸ் அடுப்பில் முதலில் கெடுவது எச்சரிக்கை ஸ்டிக்கர்தான், அதிலும் பர்னரை ஒட்டி இருப்பது. சூட்டில் பசை இளகி ஒரு மூலை சுருளும். அந்த இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். பிசுக்கைத் தேய்த்து எடுத்தால் எழுத்தும் கூடவே போய்விடும். அடியிலோ பின்புறமோ ரிவெட் அடித்த உலோகத் தகடு மட்டும் கடைசிவரை தாங்கும், ஆனால் அடுப்பு பொருத்திய பிறகு அது கண்ணில் படாது. இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகட்டில் உயிரான வரி, எந்த கேஸ், அதன் அழுத்தம் எத்தனை மில்லிபார் என்பது. எல்பிஜி அடுப்புகள் பொதுவாக 30 மில்லிபாரை ஒட்டியும், இயற்கை எரிவாயு அடுப்புகள் 20 மில்லிபாரை ஒட்டியும் வேலை செய்யும். பர்னருக்கு கேஸ் விடும் சிறுமுனைதான் நாசில். எல்பிஜி நாசிலின் துளை சிறியது. அதில் இயற்கை எரிவாயுவை விட்டால் தீ சுணங்கி எரியும், அவ்வளவுதான். மாற்றிச் செய்தால் நிலைமை மோசம்: பெரிய துளையில் எல்பிஜி போகும்போது தீ மஞ்சளாக எழும், பாத்திரம் கரி பிடிக்கும், வாசனையே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறையில் சேரும். நாசிலை ஊசியால் குடைந்து சரிசெய்யப் பார்க்கவே கூடாது.

ஸ்டிக்கர்களின் பெரிய குறை, காரணம் சொல்லாதது. ‘காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்’ என்று மொட்டையாக இருக்கும். எல்பிஜியில் உள்ள வாயுக்களில் ஒன்று புரொப்பேன். ஒரு கன மீட்டர் புரொப்பேன் முழுமையாக எரிய சுமார் 24 கன மீட்டர் காற்று வேண்டும். தவிர, புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு பரவும், உயரத்து ஜன்னலை மட்டும் திறந்தால் வெளியேறாது. கதவையும் திறக்க வேண்டும். இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கான மீத்தேன் லேசானது, மேலே போய்த் தங்கும். ‘அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்’ என்பதை கேஸ் மிச்சம் பிடிக்கச் சொன்னதாக நினைப்பவர்கள் உண்டு. அதற்கும் காரணம் கார்பன் மோனாக்சைடுதான். பர்னரைச் சுற்றி அலுமினியத் தாள் விரிக்கக் கூடாது என்பது, காற்று போகும் வழியை அது அடைத்துவிடும் என்பதால்.

‘தீக்குச்சியால் கசிவைச் சோதிக்காதீர்’ என்று எச்சரிப்பவர்கள் எப்படிச் சோதிப்பது என்றும் சேர்த்து அச்சடிக்க வேண்டும். ரெகுலேட்டர் மூட்டு, ரப்பர் குழாயின் இரு முனைகள் ஆகிய இடங்களில் சோப்பு நீரைத் தடவினால் போதும். குமிழி ஊதிப் பெருத்தால் கசிவு. உடனே சிலிண்டரை மூடிவிட வேண்டும், மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

யாரும் எச்சரிக்கையாகவே எண்ணாத ஒன்று, திருகு குமிழைச் சுற்றியுள்ள ‘நிறுத்து’ குறி. அதுவும் தேய்ந்து அழியும். அழிந்தபின் சிறுதீ எது, முழு நிறுத்தம் எது என்று கையின் பழக்கத்தை நம்பித்தான் திருப்ப வேண்டும். விருந்தாளிக்கோ சிறுவர்களுக்கோ அந்தப் பழக்கம் இருக்காது. குறி மங்கத் தொடங்கும்போதே, அடுப்பு ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காயவிடுங்கள்.