கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்துக்கு நம்பலாம், நேரத்தை நாம்தான் போட வேண்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டிய இலவச இணையதளம் இது. பெட்டியில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடித்து, நடுவில் சிறு கோடு போட்டால் போதும். பெங்களூருக்கு பி.எல்.ஆர்., சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ. உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோடு வளைந்து விழும். கீழே அட்டவணையில் தூரம் சுமார் 8,690 என்று காட்டும்.

அது மைல். பலர் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்கைக் கோட்டை விடுவது இங்கேதான். அலகை மாற்றினால் ஏறக்குறைய 13,990 கி.மீ. என்று வரும், கடல் மைலில் 7,550.

இதன் உண்மையான பலம், வழிகளை ஒப்பிடுவதில். நடுவில் துபாயைச் சேர்த்தால் மொத்தம் சுமார் 15,740 கி.மீ., சிங்கப்பூரைச் சேர்த்தால் 16,770. காற்புள்ளி போட்டு இரண்டு வழியையும் ஒரே வரைபடத்தில் பார்க்கலாம். ஆக, துபாய் வழி நேர்வழியைவிட 1,750 கி.மீ.தான் கூடுதல். டிக்கெட் விலை ஒன்றுபோல இருந்தால், இறங்கி ஏறும் இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பயண நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு: கிலோமீட்டரை 870-ஆல் வகுத்து, ஏற, இறங்க, ஓடுபாதையில் நகர என்று அரை மணி நேரம் கூட்டுங்கள். 13,990-க்கு 16½ மணி வரும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவம் வழியாக விட்ட முதல் நேரடி விமானம் சுமார் 17 மணி எடுத்தது. வரைபடக் கோடு திபெத் பீடபூமியைக் கடக்கிறது. கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும்; அங்கே தரையே சராசரியாக அதைவிட உயரம். அதனால் பொதுவாக விமானங்கள் சுற்றித்தான் போகும். 2022 முதல் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியிருப்பதும் இந்தக் கோட்டில் தெரியாது. காற்றும் தெரியாது: பெங்களூரிலிருந்து லண்டனுக்கு சுமார் 8,000 கி.மீ., ஆனால் மேற்கிலிருந்து வீசும் உயரக்காற்று எதிர்ப்பதால் போகும் பயணம் திரும்புவதைவிட நீளும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம்.

டிக்கெட்டில் உள்ள மணிகளை நேரடியாகக் கழிக்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோ நமக்கு குளிர்காலத்தில் 13½ மணி, கோடையில் 12½ மணி பின்னால்.

தரைவழியை இந்தத் தளம் கணக்கில் எடுக்காது. தருமபுரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி சுமார் 170 கி.மீ.; நகருக்குள் சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளின் நெரிசலுக்கும் சேர்த்து நான்கு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி என்று வைத்துக் கிளம்புங்கள்.