பால்மாவா, தாய்ப்பாலா? போட்ஸ்வானாவின் அனுபவம்

எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் பரவும். அப்படியானால் தொற்றுள்ள தாயின் குழந்தைக்குப் பால்மாவுதானே பாதுகாப்பு? தெற்கு ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் அரசும் அப்படித்தான் எண்ணி, டப்பா டப்பாவாக இலவசமாகவே கொடுத்தது.

எண்ணம் முழுத்தவறு அல்ல. அங்கே நடந்த 'மாஷி' ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. ஏழாம் மாதத்தில் பால்மாவு குடித்த குழந்தைகளில் 5.6 சதவீதத்தினருக்குத் தொற்று. ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு தாய்ப்பால் குடித்தவர்களில் 9 சதவீதம். இதுவரை டப்பாவுக்கு வெற்றி. இறந்த குழந்தைகளை எண்ணினால் கதை மாறுகிறது: அதே ஏழு மாதத்தில் பால்மாவுப் பக்கம் 9.3 சதவீதம், தாய்ப்பால் பக்கம் 4.9. பதினெட்டாம் மாதத்தில் தொற்றையும் சாவையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய சமம்.

டப்பாவோடு வேலையும் வருகிறது. நள்ளிரவில் குழந்தை வீறிட்டால் அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும்; புட்டியைக் கழுவ வேண்டும்; கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்; மாவு தீரப்போகிறதே என்று நீர்க்கக் கரைக்கக் கூடாது. 2006 தொடக்கத்தில் பெருமழையால் தண்ணீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவியபோது, பிரான்சிஸ்டவுன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். போதாததற்கு, கையில் டப்பாவைப் பார்த்தாலே அக்கம்பக்கத்தார் நோயை ஊகித்துவிடுவார்கள்.

இதையும் அதையும் கலந்து கொடுக்கலாமே என்றால், மருந்து இல்லாத காலத்தில் அதுதான் ஆகமோசம். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிடக் கலந்து குடித்தவர்களுக்கே தொற்று கூடுதல் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1999இலேயே கண்டார்கள். பாட்டிமார் ஆசையாகப் புகட்டும் கஞ்சியும் இந்தக் கணக்கில் சேரும்.

வழக்கைத் தீர்த்தது பால் அல்ல, மாத்திரை. தாய் தினமும் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து எடுப்பதா, குழந்தைக்கு நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சொட்டாகப் புகட்டுவதா என்று ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த 'ப்ராமிஸ்' ஆய்வு ஒப்பிட்டது. இரண்டிலுமே தாய்ப்பால் வழித் தொற்று ஒரு சதவீதத்துக்கும் கீழே. நான் தாயின் மாத்திரைக்கே வாக்களிப்பேன். அது அவளையும் சேர்த்துக் காக்கிறது. மருந்து தவறாமல் எடுத்தால் ஓராண்டாவது தாய்ப்பால் கொடுக்கலாம், இரண்டாண்டும் தொடரலாம் என்பது 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வெகுகாலம் 'கூடவே கூடாது' என்றிருந்த அமெரிக்காவும் 2023இல், தாயும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும் என்று இறங்கிவந்தது.