சொந்தச் செலவில் புத்தகமா, பதிப்பகமா? யாழ்ப்பாணத்திலிருந்து சில வருட அனுபவம்

"புத்தகம் ஒண்டு போடப்போறன், எது நல்லம்?" என்று கேட்கிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன். ஒரேயடியாக எழுதிவைத்தால் இணைப்பை அனுப்பிவிடலாம். சிறுகதைத் தொகுப்பை யாழ்ப்பாணத்தில் என் காசில் அடித்தேன். நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று போட்டது. பிறகு இரண்டையும் மின்னூலாக அமேசனின் கிண்டிலில் ஏற்றினேன். சில வருடம் இந்த மூன்றோடும் மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆர் காசு போடுகிறார் என்பது இரண்டாம் கேள்வி. உங்கள் எழுத்தில் கைவைக்க ஒரு ஆள், அடித்ததைக் கடைக்குக் கடை கொண்டுபோக ஒரு ஆள். இந்த இரண்டு பேரும் எங்கே கிடைக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

சொந்தமாகப் போடுவதை ஏதோ குறைச்சலான காரியமாக எங்கள் ஊரில் ஒருவரும் நினைப்பதில்லை. ஆறுமுக நாவலரே 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நடத்தியவர். ஈழத்துப் புத்தகங்களில் பெரும்பங்கு இன்றைக்கும் எழுதியவரின் காசில்தான் வருகிறது.

இங்கத்தை அச்சகங்களின் பெரிய பலம் வேகம். கல்வெட்டு (செத்தவரின் நினைவாக அடிக்கிற சிறு புத்தகம்), பாடசாலை மலர், கோயில் திருவிழா விஞ்ஞாபனம் என்று அவை ஓடுகின்றன. செத்தவீட்டுக் கல்வெட்டு 31ஆம் நாளுக்கு முன்னம் கைக்கு வந்தாக வேண்டும். அந்த அவசரத்துக்குப் பழகினவர்களுக்கு உங்கள் தொகுப்பு பெரிய வேலையே இல்லை. 300 பிரதி என்றாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். வடிவமைக்கிற தம்பிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, அட்டையின் நிறத்தை நாலு தரம் மாற்றச் சொல்லலாம். என்னுடைய தொகுப்பு 130 பக்கத்தில் நின்றபோது அந்தத் தம்பி சொன்னான்: "அண்ணை, 16 பக்கம் ஒரு போம். 128க்குள்ள கொண்டுவந்தா எட்டுப் போமோட முடியும். இல்லாட்டி ரெண்டு பக்கத்துக்காக இன்னொரு போம் ஓடோணும்." வாழ்த்துரை ஒன்றைத் தூக்கினேன். புத்தகத்துக்கு அது நல்லதாகவே போயிற்று.

வாழ்த்துரை என்றதும் ஒன்று. அணிந்துரை, ஆசியுரை, பதிப்புரை, என்னுரை என்று எல்லாம் முடிந்து கதை தொடங்க எங்கள் புத்தகங்களில் பதினைந்தாம் பக்கம் ஆகிவிடும். இத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள், ஒருவராவது "மூன்றாவது கதை வேண்டாம், எடுத்துவிடு" என்று சொல்லியிருப்பாரா? சொந்தப் பதிப்பின் பெரிய ஓட்டை இதுதான். அச்சகம் பிழைதிருத்தப் புறூவ் தரும், பார்ப்பது நீங்கள்தான். உங்கள் வசனத்தை உங்கள் கண் பிழையில்லாமலேதான் வாசிக்கும். காசு கொடுத்தாவது வெளியாள் ஒருவரைப் பிடியுங்கள். அட்டைக்குச் செலவழிப்பதில் பாதி போதும்.

செலவு எப்படித் திரும்பும் என்றால், வெளியீட்டு விழாவில். யாழ்ப்பாணத்தில் இது தனிப் பொருளாதாரம். முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர்கள், பிறகு வரிசையாக உறவு, அயல், கூடப் படித்தவர்கள். கையில் என்வலப். புத்தக விலை 600 என்றால் அதற்குள் ஆயிரமும் இருக்கும், ஐயாயிரமும் இருக்கும். ஆர் எவ்வளவு வைத்தது என்று வீட்டில் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும், அவர்களின் புத்தகத்துக்கு நாங்களும் போகவேண்டுமே. மண்டப வாடகை, சிற்றுண்டி எல்லாம் கழித்தும் எனக்கு அச்சுக்கூலியில் பெரும்பங்கு அன்று பின்னேரமே வந்தது. எந்தப் பதிப்பகமும் இப்படிக் காசு தராது. ஆனால் என்வலப் தந்தவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்தார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விழாவுக்கு அடுத்த நாளிலிருந்து நீங்கள் வியாபாரி. கடைகள் வேண்டாம் என்று சொல்லமாட்டா. "பத்துப் பிரதி வையுங்கோ, வித்தா தாறம்" என்பார்கள். கடைக்காரர் எடுக்கிற கழிவு விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் போகும். கடையில் தந்த துண்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, மாதக்கணக்கில் கழித்துப் போய், "எத்தினை போயிருக்கு?" என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் காசு இல்லை. யாழ்ப்பாணத்துக்குள் இதைச் சைக்கிளிலேயே முடிக்கலாம். மட்டக்களப்பு, கொழும்பு என்றால் பஸ்ஸில் பார்சல். லண்டன், கனடாவுக்குத் தபாற்செலவு புத்தக விலையைத் தாண்டும், ஆகவே லீவில் வந்து திரும்புகிறவர்களின் சூட்கேசில் மிளகாய்த்தூளோடு ஐந்து பிரதி போகும். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. கறையான் வராமல் பார்ப்பது தனி வேலை.

கடதாசி விலையும் உங்கள் தலையில்தான். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அந்த நாட்களில் அச்சகம் காலையில் சொன்ன விலை பின்னேரம் செல்லாது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. பதிப்பகம் போட்டால் இந்தத் தலையிடி அவர்களுடையது.

சென்னை அனுபவத்தில் நான் என்றைக்கும் நன்றியோடு நினைப்பது அந்தச் செம்மையாக்குநரை. நாவலின் முதல் அத்தியாயம் முழுக்க ஊர் வர்ணனை. வயல், கேணி, பனங்கூடல், ஒன்றும் மிச்சமில்லை. "கதை இரண்டாம் அத்தியாயத்தில்தான் ஆரம்பிக்கிறது, முதலாவதை எடுத்துவிடலாமா?" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். இரண்டு நாள் கோபத்தோடு இருந்துவிட்டுச் சரி என்றேன். ஜனவரிச் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் நாவல் அடுக்கில் இருந்தது. என்னைத் தெரியாதவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். வெளியீட்டு விழா தராத சந்தோசம் அது.

உரிமைத்தொகை 10 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கணக்கு மட்டும் தானாக வருவதில்லை, வருடா வருடம் மின்னஞ்சல் போட்டுக் கேட்கவேண்டும். எத்தனை அடித்தார்கள் என்பது அவர்கள் சொன்னால்தான் உண்டு. 2022க்குப் பிறகு இந்திய விலையை மூன்றாலோ நான்காலோ பெருக்கித்தான் இங்கே விற்கிறார்கள். அதனால் என் ஊர்க்காரருக்கே என் நாவல் விலை கூடியது. புத்தகம் போட உங்களிடமே காசு கேட்கிற பதிப்பகங்களும் உண்டு, அங்கேயும் இங்கேயும். அவர்களுடைய பெயரில் நீங்கள் செய்கிற சொந்தப் பதிப்பு அது. திருத்துவார்களா, விநியோகம் செய்வார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஊர் அச்சகமே மலிவு. ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நீங்களே எடுக்கலாம்.

கிண்டில் தமிழ் மின்னூலை ஏற்கும். தமிழில் அச்சுப் பிரதியை அங்கே எதிர்பார்க்கவேண்டாம். அச்சகத்துக் கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், கிண்டிலுக்கு யூனிகோட் வேண்டும். எழுத்துரு மாற்றியில் போட்டால் கதையில் வந்த ஆங்கிலச் சொல் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும், காற்புள்ளிகளும் குழம்பும். இருந்து வரிவரியாகப் பார்க்கத்தான் வேண்டும். எழுதினவருக்கு 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு பங்கு உண்டு. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 வேண்டுமென்றால் கிண்டில் செலெக்ட் என்ற திட்டத்தில் சேரவேண்டும், சேர்ந்தால் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது.

இந்த இடத்தில்தான் எனக்கு இடித்தது. விற்று முடிந்த தொகுப்பை 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்க நினைத்திருந்தேன். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து இலவசமாக வாசிக்க வைக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊரில் 300 பிரதி அடிக்கிறவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் தெரியாது. செலெக்டில் இருக்கும்வரை கொடுக்கமுடியாது. கிண்டிலில் வருகிற காசு மாதம் ஒரு தேத்தண்ணிச் செலவுக்குக் காணும், அதுவும் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளுக்குப் பிறகு. ஆகவே தொகுப்பை விலக்கிக்கொண்டேன். நாவலை இன்னும் விட்டுவைத்திருக்கிறேன். செலெக்ட் 90 நாளுக்கு ஒருக்கால் தானாகவே புதுப்பிக்கும், விலக நினைக்கிறவர்கள் அதற்கு முன்னமே தானாகப் புதுப்பிக்கிற அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள். பதிப்பகம் போட்ட புத்தகம் என்றால் மின்னூல் உரிமை ஆரிடம் என்று ஒப்பந்தத்தைப் பார்த்தபிறகே ஏற்றுங்கள்.