டி2-40, புரொக்ஸ்-1, லைவ்-1: நீண்ட பாவனைக்குப் பிறகு

கண்டியில் ஒரு நோயியல் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. இழைய மாதிரியில் நிணநீர்க் கலன்களை நிறமேற்றிக் காட்டும் மூன்று குறிகாட்டிகள்தான் தலைப்பில் உள்ளவை; அவற்றோடு எனக்குள்ள அனுபவம் இது. எங்களிடம் வருவதில் வாய்ப் புற்றுநோய் மாதிரிகள் நிறைய. தோட்டப் பக்கம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் எவ்வளவு ஊறிப்போனவை என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. புற்றுக்கலங்கள் நிணநீர்க் கலனுக்குள் நுழைந்துவிட்டனவா என்பதைத்தான் வைத்தியர்கள் அறிக்கையில் முதலில் தேடுவார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு நோய் போகும் பாதை அது. வழமையான சாயத்தில் மெல்லிய நிணநீர்க் கலனையும் சிறு குருதிக் கலனையும் பிரித்தறிவது கஷ்டம். கலன்களின் உட்சுவரைக் காட்டும் பொதுக் குறிகாட்டியான சிடி31 போட்டால் இரண்டுமே நிறமேறும்.

அன்றாடம் கைகொடுப்பது டி2-40தான். பொடோபிளானின் என்ற புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி இது. மாதிரியை மெழுகில் பதித்து வைக்கும் பாராபின் பிளாக்கில் நன்றாக வேலை செய்கிறது. கலன் சுவரில் பழுப்புக் கோடு தெளிவாக விழும், பக்கத்துக் குருதிக் கலன் நிறமில்லாமல் நிற்கும். குடல் மாதிரி என்றால் அதிகம் யோசிக்கவே தேவையில்லை.

வாயில்தான் சிக்கல். வாயின் மேற்பரப்பை மூடியிருக்கும் செதிள் மேலணியின் அடிக்கலங்களிலும் பொடோபிளானின் உண்டு. அந்த மேலணியில் தோன்றும் புற்றுக்கூட்டங்களின் ஓரமும் பல தடவை பழுப்பாக வரும். பதப்படுத்தும்போது இழையம் சுருங்கி, கூட்டத்தைச் சுற்றி ஒரு வெற்றிடம் விழுந்தால் கேட்கவே வேண்டாம்: கலனுக்குள் புற்று உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். வெற்றிடத்தின் வெளிச்சுவரில் கலனின் உட்பக்கத்தை மூடும் தட்டையான அகவணிக் கலங்கள் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்காமல் நான் ஸ்லைட்டைக் கீழே வைப்பதில்லை. மார்பக மாதிரியிலும் பால்கான்களைச் சுற்றியுள்ள தசைமேலணிக் கலங்கள் இதே வேலையைக் காட்டும்.

சந்தேகம் தீராத இடத்தில் புரொக்ஸ்-1. இது கலத்தின் கருவுக்குள் இருக்கும் புரதம். நிணநீர் அகவணி தன் அடையாளத்தைப் பெறுவதே இதனால்தான். இந்த ஜீன் இல்லாத சுண்டெலி முளையங்களில் நிணநீர்த் தொகுதி உருவாகவில்லை என்று 1999இல் காட்டினார்கள். சுவரில் புள்ளி புள்ளியாகக் கலக்கருக்கள் மட்டும் நிறமேறுவதால் கண்ணுக்கு நிம்மதி. ஆனால் குடற்புற்றில் புற்றுக்கலங்களே இதைக் காட்டும், அங்கே டி2-40 போதும். இரண்டாவதாக ஒன்று வாங்கக் காசு இருந்தால் என் தெரிவு புரொக்ஸ்-1.

நிணநீர் அகவணியில் இருக்கும் இன்னொரு புரதமான லைவ்-1 எனக்கு ஏமாற்றம். நுண்ணிய கலன்களில் நன்றாக வரும், பெரிய சேகரிப்புக் கலன்களில் மங்கிவிடும். அழற்சி உள்ள இடத்தில் குறைந்துபோகும். புண்ணாகிப்போன வாயில் அழற்சி இல்லாமல் எப்படி? போதாததற்குச் சில மக்ரோபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் கலங்கள்) நிறமேறும். நிணநீர்க் கலன்களுக்குப் பாவிக்கப்படும் மற்றொரு குறிகாட்டியான விஈஜிஎப்ஆர்-3 புற்றுக்குள் வளரும் குருதிக் கலன்களிலும் வருவதால் எங்கள் வேலைக்கு உதவாது.

அப்புறம், மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு விடயம். பிறபொருளெதிரி ஒட்டுவதற்கு முன், பதப்படுத்தலில் மறைந்துபோன புரதங்களை வெளிக்கொணர ஸ்லைட்டைக் கொதிக்கும் கரைசலில் வைக்கிறோம் அல்லவா? நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே தொடங்க நினைப்பவர்கள் பிரஷர் குக்கரில்லாமல் மினக்கெட வேண்டாம். பிறபொருளெதிரியையும் சின்னக் குப்பிகளாகவே வாங்குங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டியை நம்பிப் பெரிய குப்பி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தெரியும். ஒவ்வொரு ஸ்லைட் தொகுதியோடும் ஒரு டொன்சில் துண்டையும் போடுங்கள். அதில் நிணநீர்க் கலன் நிறமேறாவிட்டால் அன்றைய ஸ்லைட் எதையும் வாசிக்காதீர்கள்.