கோடை விருந்தின் பழத்தட்டுக்கு ஆரோவில் சீஸ்: எவை பொருந்தும், எவை பொருந்தா?

கோடை விடுமுறையில் வீடு நிறைய உறவினர் கூடியிருக்கும்போது, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் யாரும் வியர்த்து வழிய நிற்காமல் எல்லோருக்கும் பரிமாறக்கூடிய சிற்றுண்டி ஒன்று வேண்டுமென்றால், பழங்களையும் சீஸையும் அழகாக அடுக்கிய தட்டுக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். குழந்தைகள் பழத்துக்காகவும் பெரியவர்கள் சீஸுக்காகவும் அதைச் சுற்றி அமர்ந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இந்தத் தட்டு குளிர் நாடுகளில் உருவானது. அங்கே வழங்கும் பழங்களையும் சீஸ்களையும் அப்படியே இங்கு கொண்டுவந்து மே மாதத்து மாலையில் மேசைமேல் வைத்தால், விருந்தினர் வந்து அமர்வதற்குள் தட்டு சோர்ந்துவிடும். ஆகவே, நம் வெயிலையும் நம் பருவத்துப் பழங்களையும் மனத்தில் வைத்து, ஆரோவிலின் லா ஃபெர்ம் பண்ணை தயாரிக்கும் சீஸ்களில் எவை இத்தட்டுக்குப் பொருந்துகின்றன என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

புதுச்சேரியை ஒட்டியுள்ள ஆரோவில் 1968-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நகரம். ஐரோப்பிய முறைச் சீஸ் தமிழ்நாட்டு மண்ணிலேயே உருவாகும் இடங்களில் கொடைக்கானலோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் அது. செட்டார், க்ரூயேர், பார்மேசான் போன்ற கெட்டியான வகைகளும், மொசரெல்லா, ஃபெட்டா, ரிக்கோட்டா போன்ற ஈரமான வகைகளும், ஆரோப்லோஷோன் என்ற மென்மையான வகையும் லா ஃபெர்ம் பெயரில் கிடைக்கின்றன. தட்டில் இடம்பெறும் சீஸ்கள் ஒன்றுக்கொன்று சுவையிலும் பதத்திலும் வேறுபட வேண்டும் என்பதே முதல் தேவை. ஒரே தயாரிப்பாளரிடம் இத்தனை வகைகள் கிடைப்பதால் அந்தத் தேவை எளிதில் நிறைவேறுகிறது.

வெயிலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பால்கொழுப்பின் பெரும்பகுதி 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இளகிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மின்விசிறி மட்டும் சுழலும் கூடத்தில் வைத்த செட்டார் துண்டின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால், முதலில் அதன் மேற்பரப்பு மினுமினுக்கும், பிறகு சிறு சிறு எண்ணெய் முத்துகள் கோக்கும். அதுவரை சுவையில் குறையில்லை, ஆனால் அதற்குமேல் காக்க வைப்பது நல்லதல்ல. கெட்டுப்போகக்கூடிய உணவுகளைச் சாதாரணமாக 2 மணி நேரமும், வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரமும் மட்டுமே வெளியே வைக்கலாம் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை தரும் அறிவுரை. சென்னையிலும் மதுரையிலும் கோடைக்காலத்தில் அந்த 1 மணி நேரத்தைத்தான் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே பெரிய தட்டு ஒன்றை நிரப்பி வைப்பதைவிட, பாதியளவு அடுக்கிப் பரிமாறிவிட்டு மீதியைக் குளிர்பெட்டியிலிருந்து சிறுகச் சிறுக எடுத்து நிரப்புவதே சரியான வழி.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் நிறைவளித்தது க்ரூயேர். சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் பிறந்த இந்த வகை, ஈரம் குறைவாகவும் இழைவாகவும் இருப்பதால், மெல்லிய முக்கோணங்களாக நறுக்கினாலும் உடையாமல் நிற்கிறது. வாயிலிட்டவுடன் லேசான உப்பும், அடுத்து வறுத்த முந்திரியை நினைவூட்டும் மணமும், கடைசியில் மெல்லிய இனிப்பும் வருகின்றன. இதற்குத் துணையாக நான் வைப்பது விருப்பாட்சி மலைவாழைப்பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன இந்தப் பழத்தின் சதையில் நீர் குறைவு, மணமோ மிகுதி. வட்டமாக நறுக்கி வைத்தாலும் கசிந்து தட்டை நனைப்பதில்லை. பழத்தையும் சீஸையும் ஒன்றாகக் கடிக்கும்போது உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதை, சீஸை அதுவரை விரும்பாதவர்கள்கூட ரசிப்பதைப் பார்க்க முடிகிறது.

பார்மேசானைக் கத்தியால் ஒழுங்காக நறுக்கக் கூடாது. கத்தி முனையைக் குத்தித் திருகினால் அது தானாகவே கரடுமுரடான துண்டுகளாக உடையும். அப்படி உடைந்த பரப்பில்தான் அதன் மணல்போன்ற பதம் நாக்குக்குத் தெரிகிறது. ஈரம் மிகக் குறைவு என்பதால் வெயிலுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகத் தாக்குப்பிடிப்பதும் இதுவே. கம்பம் பன்னீர் திராட்சை இதற்கு மிகப் பொருத்தமான இணை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கருநீலத் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் விளைவதால் கோடையிலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. விதை உண்டு என்பதால், சிறு குழந்தைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து விதையை நீக்கி வைப்பது நல்லது. பெரியவர்களுக்குக் கொத்தாகவே வைக்கலாம், தட்டுக்கு அதுவே பாதி அழகு.

செட்டார் எல்லோருக்கும் பழகிய சுவை. புளிப்பு கலந்த அதன் உப்புச் சுவைக்கு மாம்பழம் நன்றாக இசைகிறது. எந்த மாம்பழம் என்பதில்தான் கவனம் வேண்டும். இமாம் பசந்தும் மல்கோவாவும் உண்பதற்கு எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், சாறு பெருகும் என்பதால் அடுக்கிய தட்டுக்கு உதவா. நாரில்லாத, சற்றே கெட்டியான பங்கனப்பள்ளியை இருபுறக் கன்னங்களாகச் சீவி, நீள்வாக்கில் கீற்றுகளாக நறுக்கி, விசிறிபோல விரித்து வைத்தால் நிறமும் வடிவும் கலையாமல் இருக்கும்.

ஆரோப்லோஷோன் பிரான்சின் ரெப்லோஷோன் வகையைப் பின்பற்றிச் செய்யப்படுவது. மென்மையும் அழுத்தமான மணமும் உடையது. சுவையில் இதை முதலிடத்தில் வைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களோடு எனக்கு வாதமில்லை. ஆனாலும் இது குளிரூட்டிய அறைக்கே உரியது என்பேன். குளிரூட்டி இருக்கும் இடத்தில், இதன் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் தேனும், ஆரோவிலுக்கு அதிகத் தொலைவில் இல்லாத பண்ருட்டியின் முந்திரியும் வையுங்கள். திறந்த மாடியிலோ தோட்டத்திலோ கூடுகிறீர்கள் என்றால் இதை வாங்க வேண்டாம். ஃபெட்டா, ரிக்கோட்டா, மொசரெல்லா ஆகிய மூன்றும் நீர் விடுபவை என்பதால் இத்தட்டில் அவற்றுக்கு இடமில்லை. தர்பூசணியும் ஃபெட்டாவும் சேர்ந்த கலவையைத் தனிக் கிண்ணத்தில், உண்ணும் நேரத்தில் கலந்து கொடுத்தால் அருமையாக இருக்கும்.

பழங்களில் விலக்க வேண்டியவை சில உண்டு. தர்பூசணியும் நுங்கும் தட்டை ஈரமாக்கிவிடும். பலாச்சுளையின் வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், சீஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் கசக்கத் தொடங்கும். கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் நனைத்துத் துடைத்து வைத்தால் பழுப்பேறுவது தள்ளிப்போகும்.

இங்கே, நகரில் ஆயத்தமாக அடுக்கிக் கொடுக்கும் ஒரு கடையில் நான் வாங்கிய தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் தேவையில்லை. இறக்குமதி செய்த புளூபெர்ரியும், எங்கும் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டிகளும், பிஸ்கட்டுகளை ஒட்டி வைத்த தர்பூசணியும் அதில் இருந்தன. வீடு வந்து சேர்வதற்குள் பிஸ்கட்டுகள் நமுத்துப்போயிருந்தன. மாம்பழப் பருவத்தின் உச்சத்தில் ஒரு மாங்கீற்றுகூட இல்லாத தட்டைக் கண்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. அந்தப் பணத்துக்கு மூன்று நல்ல சீஸ்களும் ஐந்து வகைப் பழங்களும் வாங்கி, வீட்டிலேயே அரை மணி நேரத்தில் அடுக்கிவிடலாம்.

அடுக்குவதற்கு மரப்பலகை இல்லையென்று யாரும் தயங்க வேண்டாம். அகன்ற தாம்பாளத்தின்மேல் நன்கு துடைத்து உலர்த்திய வாழையிலையை விரித்தால் போதும். பித்தளைத் தாம்பாளமாக இருந்தால் பழத்தின் புளிப்பு உலோகத்தில் படாமலிருக்க இலை அவசியமும்கூட. கரும்பச்சை இலையின்மேல் மஞ்சள் மாங்கீற்றும் வெளிர்நிறச் சீஸும் கருநீலத் திராட்சையும் எடுப்பாகத் தெரியும் அழகை மரப்பலகை தருவதில்லை என்றே நினைக்கிறேன். முதலில் தேன் கிண்ணத்தை நடுவிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். பிறகு மூன்று சீஸ்களையும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைத்து, அவற்றுக்கு இடையே மாங்கீற்றுகளையும் வாழைப்பழ வட்டங்களையும் வளைவாகக் கொண்டுசெல்லுங்கள். திராட்சைக் கொத்துகளும் முந்திரியும் பேரீச்சையும் கடைசியில் எஞ்சிய இடைவெளிகளை நிரப்பும். பிஸ்கட்டும் வறுத்த ரொட்டியும் தனித்தட்டில் இருக்கட்டும். உணவுக்கு முந்தைய சிற்றுண்டி என்றால் ஆளுக்கு 50 கிராம் சீஸ் போதுமானது.

சைவ உணவினர் வரும் வீடுகளில், பாலை உறையவைத்துச் சீஸாக்கும் உறைபொருளைப் பற்றிய கேள்வி எழும். இத்தாலியின் பாரம்பரியப் பார்மேசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு செய்யப்படுவது. ஆகவே எந்தச் சீஸை வாங்கினாலும் மேலுறையில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பதப்படுத்திய சீஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு இவை கூடுதலாகவே தோன்றும். அப்படித் தோன்றினால் ஆரோப்லோஷோனையும் செட்டாரையும் விட்டுவிட்டு, க்ரூயேரும் பார்மேசானும் மட்டும் வாங்குங்கள். இவ்விரண்டோடு மலைவாழையும் பன்னீர் திராட்சையும் சேர்ந்தாலே தட்டு நிறைவாக இருக்கும். வெளியே ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்த துண்டுகளைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். வெட்டாமல் உள்ளேயே இருந்த பகுதியை எண்ணெய்த் தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு மூடிய டப்பாவில் வைத்தால் காய்ந்துபோகாது. பார்மேசானின் கெட்டியான ஓரம் மெழுகு பூசாததாக இருந்தால் அதையும் எறியாதீர்கள். காய்கறி சூப் கொதிக்கும்போது உள்ளே போட்டு, இறக்கும் முன் எடுத்துவிட்டால் சூப்புக்கு நல்ல அடர்த்தியான சுவை ஏறும்.